சொல்லற்ற கண்டனம்: ஜோன் கொல்ட்ரேனின் ‘அலபாமா’

1963 செப்டெம்பர் 15 இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயமொன்றில் வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு நான்கு சிறுமியரைக் கொன்றது. நவம்பர் 18 இல் ஜாஸ் கலைஞர் ஜோன் கொல்ட்ரேன் ‘அலபாமா’வைப் பதிவு செய்தார். அதிற் பாடல்வரிகள் இல்லை. சுரங்களை அருவியெனக் கொட்டுவதிற் பெயர்பெற்ற அவர், இங்கே பியானோவின் நடுங்கும் தாழ்சுருதிமேல், தாளக்கட்டினின்று விலகி, சாக்ஸபோனைப் பேசுங் குரலாக்குகின்றார். ஒப்பாரியின் நடை எனலாம். இடையிலே தாளம் புகுகின்றது. சிறிது நேரத்தில் அறுந்துபோகின்றது.

ஜாஸை வெறும் விற்பனைப் பண்டமெனக் கண்ட அடோர்னோவின் கருத்துக்குள் இவ்வாக்கம் அடங்குமென நாம் கருதவில்லை. (இசைத்தட்டாக இதுவும் விற்பனையானது என்பது வேறு.) தலைப்பை நீக்கினால் துயரம் எஞ்சும், குற்றச்சாட்டு எஞ்சாது. குற்றம் நிகழ்ந்த மாநிலத்தின் பெயரையே கொல்ட்ரேன் தலைப்பாக்கினார்.