மோமோதாரோ: போர்க்காலப் பிரச்சாரமும் அசைவூட்டக் கலையும்

ஜப்பானின் முதல் முழுநீள அசைவூட்டப் படம் ‘மோமோதாரோ: கடலின் தெய்வ வீரர்கள்’. கடற்படை அமைச்சின் ஆதரவுடன் செயோ மிட்சுயோ இயக்கிய இப்படம் 1945 ஏப்ரலில் திரையிடப்பட்டது. போருக்குப்பின் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டுப் பின்னர் கண்டெடுக்கப்பட்டு, 1984இல் மீண்டும் திரைக்கு வந்தது. பிரச்சாரத்திற்கென எடுக்கப்பட்ட இதனை அசைவூட்ட ஆர்வலர்கள் இன்றும் போற்றுவது ஏன்?

கலைநயமே முதற்காரணம். காற்றில் மிதந்திறங்கும் பூவிதைகள் வான்குடை வீரர்களை நினைவூட்டும் காட்சி ஒன்றே சான்றாகும். இளம்வயதில் இப்படத்தைக் கண்டு நெகிழ்ந்த தெசுகா ஒசாமு, பின்னர் ‘ஆஸ்ட்ரோ பாய்’ படைத்தார்.

எனினும், அக்கலைநயமே பிரச்சாரத்தின் கருவியுமாகும். தென்தீவு விலங்குகள் ஜப்பானிய எழுத்துகளைப் பாடிக் கற்கும் காட்சி, ஆக்கிரமிப்பை அன்பான கல்விப்பணியாகக் காட்டுகிறது. இறுதியில் வரும் சரணடைதல் காட்சியோ, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் போர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் சரணடைந்ததை ஒத்தது. அதே ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

ஆகவே, இப்படத்தை ஒதுக்குவதும் கலையாக மட்டும் சுவைப்பதும் குறைபாடுடையனவே. எது அழகாகக் காட்டப்பட்டது, அவ்வழகு எதனை மறைத்தது என்னும் இரண்டையும் ஒருங்கே காண்பதே முறையான நோக்காகும்.