ஸோலா எழுதிய கடிதம்

"கதை எழுதுகிறவனுக்கு ஊர் வழக்கு எதற்கு?" என்று மேல் வகுப்பு மாணவன் ஒருவன் நம்மைக் கேட்டான். கேள்வி நியாயமானதுதான். வீட்டுப் பெரியவர்களும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிரெஞ்சு தேசத்து ஆசிரியர் சிலர் இதற்குக் கோர்ட்டு வாசற்படியேறிப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

வால்டேர் முதியவராயிருந்த சமயம், 1762-ல், தூலூஸ் நகரத்தில் ஜான் காலாஸ் என்ற துணி வியாபாரி சக்கரத்தில் கட்டி எலும்பு முறிக்கப்பட்டு மாண்டார். பெற்ற மகனையே கொன்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் சிறுபான்மை மதத்தினர். அதுவே ருசு போலாயிற்று. வால்டேர் விடாமல் எழுதி, 1765-ல் அவர் நிரபராதி என்று தீர்ப்பு வரச் செய்தார்.

அந்த வழியில் வந்தவர் எமில் ஸோலா. சுரங்கத் தொழிலாளரைப் பற்றி 'ஜெர்மினல்' எழுதுவதற்காக, தாமே சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தவர். அவருடைய நாவல்கள் எல்லாவற்றையும் வீட்டு அலமாரியில் வைக்க நாம் சற்றுத் தயங்குவோம். அது வேறு விஷயம். 1898-ல் அவருக்கு வயது ஐம்பத்தேழு. பணமும் புகழும் நிரம்ப இருந்தன. பிரெஞ்சு அகாடமியின் கதவு மட்டுமே திறக்கவில்லை.

அப்பொழுது டிரைபஸ் என்னும் யூத ராணுவ அதிகாரி, தென்னமெரிக்கக் கரைக்கருகே ஒரு தீவில் தனிச் சிறையில் கிடந்தார். ராணுவ ரகசியத்தை ஜெர்மனிக்கு விற்றதாக 1894-ல் தீர்ப்பு. குற்றவாளியும் அவர் வக்கீலும் கண்ணால் பாராத ரகசியக் காகிதங்களை நீதிபதிகளுக்குக் காட்டிப் பெற்ற தீர்ப்பு அது! 1896-ல் பிக்கார் என்ற அதிகாரி, சாட்சியாக வைத்த கையெழுத்து எஸ்டர்ஹாஸி என்பவனுடையது என்று கண்டுபிடித்தார். மேலதிகாரிகள் பிக்காரைத்தான் தூர தேசத்துக்கு அனுப்பினார்கள். எஸ்டர்ஹாஸியை 1898 ஜனவரி 11-ந் தேதி ராணுவ நீதிமன்றம் விடுதலை செய்தது.

இரண்டாம் நாள், 'லோரோர்' பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஜனாதிபதி பெலிக்ஸ் ஃபோருக்கு ஸோலாவின் பகிரங்கக் கடிதம் வெளிவந்தது. 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்ற தலைப்பைக் கொடுத்தவர் கிளெமான்ஸோ.

அந்தக் கடிதத்தின் தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். தளபதிகளையும் மந்திரியையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டிய ஸோலா, 1881-ம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டத்தின் எந்தப் பிரிவுகளின்படி தம்மேல் வழக்குத் தொடரலாம் என்பதையும் தாமே எழுதிவிட்டார். மூடிய அறையில் முடிந்த வழக்கைத் திறந்த கோர்ட்டுக்கு இழுத்து வரவேண்டும். அதற்குத் தம்மையே தூண்டில் புழுவாக்கினார். ஸர்க்காரும் லேசுப்பட்டதல்ல. நெடிய கடிதத்தில் எஸ்டர்ஹாஸி விடுதலையைப் பற்றிய சில வரிகளை மட்டும் கத்தரித்தெடுத்து வழக்குப் போட்டது. டிரைபஸ் பேச்சு எழுந்தபோதெல்லாம், அந்தக் கேள்விக்கு இடமில்லை என்று நீதிபதி தடுத்துவிட்டார். வெளியே ஜனக்கூட்டம் ஸோலாவுக்குச் சாவு வேண்டுமென்று கூவிற்று. ஓராண்டுச் சிறை, 3,000 பிராங்கு அபராதம். மறு விசாரணையிலும் தோற்ற பிறகு, ஜூலையில், மொழி தெரியாத இங்கிலாந்துக்குப் போய் ஏறக்குறைய ஒரு வருஷம் மறைந்து வாழ்ந்தார்.

கடிதத்தில் பிழையும் உண்டு. பொய்ப் பத்திரம் தயாரித்த ஹென்றி என்ற அதிகாரியை ஸோலா அறியவில்லை. பழியின் பெரும் பகுதியை வேறொருவர்மேல் சுமத்தினார். அந்த ஆகஸ்டில் ஹென்றி குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறையில் கழுத்தை அறுத்துக்கொண்டான்.

எழுத்தாளர் எல்லோரும் ஸோலா பக்கம் நின்றார்களா? இல்லை. பாரேஸ் போன்றவர்கள் ராணுவத்தின் மானமே பெரிதென்றார்கள். அனதோல் பிரான்ஸ், ஸோலாவின் நாவல் ஒன்றை முன்பு காரசாரமாகக் கண்டித்தவர்; ஆயினும் ஸோலாவின் கௌரவப் பதக்கத்தை ஸர்க்கார் பறித்தபோது தம்முடையதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1902-ல் படுக்கையறைக் கணப்பின் விஷப் புகையால் ஸோலா இறந்தபோது, சமாதியருகே பேசியவரும் அவரே. ஊர்வலத்தில் வந்த சுரங்கத் தொழிலாளர் 'ஜெர்மினல்' என்று கோஷமிட்டார்கள்.

1906-ல் டிரைபஸ் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. அதைக் காண ஸோலா இல்லை. 1908 ஜூனில் அவருடைய அஸ்தியை, தேசப் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்குக் கொண்டு வந்தார்கள். சடங்கில் வந்து நின்ற டிரைபஸைப் பத்திரிகைக்காரன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டுக் கையில் காயப்படுத்தினான். பாரிஸ் ஜூரிகள் அவனை விடுதலை செய்தார்கள்.