காய்ச்சலுக்குப் பட்டினி மருந்தா?

மழைக்காலம் தொடங்கியதும் தேவாரம், போடிநாயக்கனூர் பகுதிகளிலிருந்தும், ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி இறங்கும் குடும்பங்களிலிருந்தும் பலர் காய்ச்சலோடு எங்களை நாடுகின்றனர். டெங்கு என்று உறுதியானதும், "பட்டினி இருந்தால் செல்களே கிருமியைத் தின்றுவிடுமாமே, சாப்பாட்டை நிறுத்திவிடலாமா டாக்டர்?" என்று உறவினர்கள் கேட்கின்றனர். 'லங்கணம் பரம ஔஷதம்' என்ற பழமொழியும் துணைக்கு வருகிறது.

இக்கேள்வியில் பாதி உண்மை உண்டு. நம் செல்கள் தமக்குள் பழுதான பகுதிகளைச் சவ்வுப் பையில் பொதிந்து, லைசோசோமுக்கு அனுப்பிச் செரிக்கின்றன. பாடநூல்களில் 'தற்கொலைப் பை' என்று நாம் படித்தது இந்த லைசோசோமைத்தான். இச்செயலுக்கு 1963இல் ஆட்டோபேஜி, அதாவது தன்னையே உண்ணுதல், எனப் பெயரிட்டவர் கிறிஸ்டியன் டி டுவ். இதை இயக்கும் மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். உணவு குறையும்போது இச்செயல் கூடுவதும் உண்மையே.

வைரஸ் செல்லுக்குள் ஒளிந்து பெருகுவது. தன்செரிமானம் அங்குள்ள வைரஸ் துணுக்குகளை அள்ளிச் செரிமான அறைக்குக் கொண்டுசெல்கிறது. சில நோய் எதிர்ப்புச் செல்களில், அவ்வறையின் சுவரிலுள்ள உணரிகள் வைரஸின் ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு, இன்டர்பெரான் என்னும் எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கச் செய்கின்றன. செரித்த புரதத் துணுக்குகள் சில செல்லின் மேற்பரப்பில் காட்டப்படுகின்றன; அவற்றைக் கண்டு டி-செல்கள் பகையை அறிகின்றன.

ஆனால் டெங்கு வைரஸ் தந்திரமானது. செல்லின் கொழுப்புத் துளிகளை இதே தன்செரிமானத்தால் கரைக்கச் செய்து, அந்த ஆற்றலைத் தன் பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதை ஆய்வகங்களில் கண்டுள்ளனர். காவலாளியையே கையாளாக்கிக் கொள்ளும் பகைவனிடம் பட்டினி என்னும் ஆயுதம் பயன்படாது.

டெங்குவில் உயிருக்கு ஆபத்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதே. எனவே பசியில்லாவிடினும் உப்பு சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மோர், இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களுக்கு எதை, எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாராசிட்டமால் தவிர, ஆஸ்பிரின், ஐபுபுரோபென் போன்ற வலிமாத்திரைகளைத் தவிர்த்திடுங்கள்.

காய்ச்சல் தணியும் நாள்களே கவனத்துக்குரியவை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

செல்கள் தம் வேலையைத் தாமே செய்யும். அதற்குரிய நீரையும் ஆகாரத்தையும் தருவதே நம் கடமை.