எடை குறைந்தது, வலிமை?

புனேயில் உடல் பருத்த பெண்கள் பலர் இன்று இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்கின்றனர். தராசு முள் இறங்குகிறது. இறங்கியது எது, நண்பர்களே? குறையும் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பல்ல. தசையும் அதில் அடக்கம். சிறுத்த இரைப்பை கொஞ்சமே ஏற்கும். புரதம் போதாதபோது உடல் தன் தசையையே கரைத்துச் செலவிடுகிறது.

நம்மவர்க்கு இது பெருநட்டம். இந்நகரின் கே.இ.எம். மருத்துவமனை ஆராய்ச்சியாளர் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தம் உடலளவுகளையே ஒப்பிட்டுக் காட்டினர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவர்க்கும் 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! நம்மவர் பிறக்கும்போதே கொண்டுவரும் தசைக் கையிருப்பு சிறிது. பெண்களுக்கு இன்னும் சிறிது.

இழப்பு உடனே தெரியாது. சுமக்கும் உடல் இலேசாவதால் படியேறுவது எளிதாகிறது. வலிமை கூடியதாகவே தோன்றும். கைப்பிடியைக் கருவியில் அளந்தாலோ, பெரும்பாலும் அது கூடியிருப்பதில்லை.

நாளொன்றுக்கு 60 கிராமேனும் புரதமும், தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும் என்கின்றனர் மருத்துவர்கள். இச்சிகிச்சை செய்துகொண்ட என் சித்தியோ ரசஞ்சாதம் போதும் என்கிறார். ஒரு முட்டையில் 6 கிராம். ரசத்தில் என்ன இருக்கிறது? தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று தொலைபேசியில் கேட்டேன். சித்தி இம்மாதம் குறைந்த கிலோக் கணக்கைச் சொன்னார்.