பேச்சு பாட்டாகும் இடம்

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலின் வேர், இலங்கைத் தேயிலை மலையகத்தின் உழைப்பு வரலாற்றைத் தொடுகிறது. அதன் வரிகளை எழுதிப் பாடிய ராப் கலைஞர் அறிவு, இலங்கைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளிலிருந்தும் ஒப்பாரி மரபிலிருந்தும் அதற்குக் கரு எடுத்தார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் இசையைத் தயாரிக்க, பாடகி தீ அறிவுடன் சேர்ந்து பாடினார். மெட்டு எவருடையது என்பது குறித்து 2022இல் அறிவும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விளக்கங்களைப் பொதுவெளியில் முன்வைத்தனர். இத்தகைய கருத்து வேறுபாடு எழுவதற்கான காரணம், தனிமனிதர்களைக் கடந்து, இன்றைய பாடல் உருவாகும் முறையிலேயே இருக்கிறது.

திரைப்பாடலில் பெரும்பாலும் இசையமைப்பாளர் மெட்டைத் தர, கவிஞர் அதற்குள் சொற்களை அமைப்பார். பாப் இசையிலோ, தாளம், ஒலிநிறம், ஒலிப்பதிவு, தொகுப்பு ஆகியவற்றைக் கணினியில் வடிவமைக்கும் இசைத் தயாரிப்பாளர், 'லூப்' எனப்படும், மாறாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத்துண்டு ஒன்றை ஓடவிட, பாடலாசிரியர் அதன் மேல் முணுமுணுத்தும் பேசியும் பாடியும் வரிகளைக் கண்டடைவது வழக்கமாகிவிட்டது.

இங்கே உளவியல் ஓர் உண்மையைச் சேர்க்கிறது. பேசப்பட்ட தொடரொன்றை அப்படியே மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தால், கேட்போர் அதைப் பாட்டாக உணரத் தொடங்குவதை உளவியலாளர் டயானா டாய்ச் 1995இல் கவனித்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீளும்போது சுருதி மாற்றப்பட்டாலோ அசைகளின் வரிசை கலைக்கப்பட்டாலோ அந்தத் தொடர் பேச்சாகவே கேட்டது. பேச்சிலேயே ஏற்ற இறக்கம் உண்டு என்பதும், பிசகாத மீளொலிப்பு அதை மெட்டாகக் காட்டுகிறது என்பதும் இதனால் புலப்படும். ஆகவே, பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையில் நிற்கும் ராப், ஒப்பாரி போன்ற வடிவங்களில், சொல்லை உச்சரித்தவரும் அதை லூப்பாக்கியவரும் சேர்ந்தே மெட்டை உண்டாக்கக்கூடும்.

சட்டமோ சொல், மெட்டு, ஒலிப்பதிவு ஆகியவற்றைப் பிரித்தே பார்க்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) இசைப்படைப்பைச் சொற்கள் நீங்கலாக வரையறுத்து, பாடல்வரிகளை இலக்கியப் படைப்பாகவும் ஒலிப்பதிவை வேறோர் உரிமையாகவும் கொள்கிறது. மேலும், அச்சட்டம் கூறும் தயாரிப்பாளர், ஒலிப்பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்பவரே தவிர, மேற்கண்ட இசைத் தயாரிப்பாளர் அல்லர். எனவே ஒவ்வொருவரின் பங்கையும் வெளியீட்டுக்கு முன்பே எழுத்தில் வரையறுத்துக்கொள்வது கலைஞர்களுக்குப் பாதுகாப்பாகும்.

அத்தகைய எழுத்து ஆவணத்திலும் இடம்பெறாத பங்காளர்கள் உண்டு. தலைமுறைகளாக ஒப்பாரியின் ஏற்ற இறக்கங்களைச் செதுக்கிய பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. மலையக எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தொகுத்தபோதும் காப்பாற்றப்பட்டவை பாடல்களேயன்றி, அவற்றை ஆக்கியோரின் உரிமைகள் அல்ல.