உங்களுக்குத் தெரியுமா? மிதிரதத்தில் மது: முடிவு நகரசபை கையில்!

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 15 பேர் வரை அமர்ந்து மிதித்துச் செல்லும் பெரிய சைக்கிள் வண்டிகள் உண்டு. அவற்றில் மது அருந்தலாமா? 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள மாநிலச் சட்டப்படி, அந்தந்த உள்ளாட்சி அமைப்பு தீர்மானம் போட்டு அனுமதித்தால் மட்டுமே அருந்தலாம்.

அனுமதி கிடைத்தாலும் விதிகள் கறார். பயணிகள் அனைவருக்கும் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மதுவை வண்டிக்காரர் வழங்கக் கூடாது. பயணிகளே சீல் உடைக்காமல் கொண்டுவர வேண்டும். போதையில் இல்லாத பாதுகாப்புக் கண்காணிப்பாளர் ஒருவர் உடன் இருப்பதும் கட்டாயம்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் இன்னும் கடுமையான முடிவெடுத்தது. கூச்சலும் நெரிசலும் தாங்காமல் ஆயிரக்கணக்கான மக்கள் மனு கொடுக்க, 2017 நவம்பர் 1 முதல் நகர மையத்தில் ‘பீர் பைக்’ எனப்படும் இத்தகைய வண்டிகள் ஓடவே தடை!