விரல் நுனி வீக்கமும் சுவாசப்பையும்

விரல் நுனி சிவந்து வீங்கி நோகுமாயின், நகச்சுற்று என்றெண்ணித் தேசிக்காயைத் துளைத்து விரலைச் செருகுவது நம் வீட்டு வழக்கம். பெரும்பாலும் அது சில நாளில் மாறிவிடும். ஆயினும், மருந்துக்கும் ஆறாத அத்தகைய வீக்கம், மிக அருமையாக, சுவாசப்பையில் மறைந்துள்ள புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருத்தலும் உண்டு.

நெஞ்சிலுள்ள நோய் விரலை அடைவது எங்ஙனம்? பிற உறுப்புகள் பலவற்றிலிருந்து புறப்படும் புற்றுக்கலங்கள் சுவாசப்பையின் மயிர்க்குழாய்களில் வடிக்கப்படுகின்றன. சுவாசப்பையிலே தோன்றியவற்றுக்கோ அத்தடை இல்லை. அவை நேரே இருதயத்தின் இடப்பாகத்தை அடைந்து, நாடிகள் வழியே உடலெங்கும் செல்ல வல்லவை.

சென்ற இடமெல்லாம் அவை முளைப்பதில்லை. புற்றுக்கலம் விதை, உறுப்பு நிலம், ஏற்ற நிலத்திலேயே விதை முளைக்கும் என்னும் கருத்தை 1889ஆம் ஆண்டில் வெளியிட்டார் ஆங்கிலேய சத்திரவைத்தியர் ஸ்டீபன் பஜெற். மூளை, எலும்பு, ஈரல், அதிரீனற் சுரப்பி ஆகியன சுவாசப்பைப் புற்று வழக்கமாகப் பரவும் இடங்கள். தோல், தசை, சிறுகுடல், கண், முரசு, கைவிரலெலும்பு ஆகியவற்றில் அது அருமையாகவே காணப்படும்.

இவற்றைக் கண்டறியப் ‘பெற்’ படம் துணைபுரிகின்றது. கதிர்வீசும் புளோரீன் சேர்ந்த குளுக்கோசை ஊசிமூலம் ஏற்றுவர். அக்கதிர்வீச்சு ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். புற்றுக்கலங்கள் குளுக்கோசை மிகுதியாக உட்கொள்வதால் அவ்விடம் ஒளிர்கின்றது. மூளையோ இயல்பாகவே குளுக்கோசை மிகுதியாக உண்பது. ஆதலால் அதற்கு எம்.ஆர்.ஐ. படம் வேண்டும்.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல, படத்தில் ஒளிர்வதெல்லாம் புற்றுமன்று. சயரோகமும் பிற அழற்சிகளும் அவ்வாறே ஒளிரும். ஒற்றை ஒளிப்புள்ளியை நம்பி, ‘நோய் பரவிவிட்டது’ என முடிவுசெய்தால், சத்திரசிகிச்சையால் குணமடையக்கூடிய ஒருவர் அவ்வாய்ப்பை இழக்க நேரிடும். ஆகவேதான் அவ்விடத்து இழையத்தில் ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்கின்றனர். சிறப்புச் சாயமூட்டற் சோதனைகள், அது சுவாசப்பையிலிருந்து வந்ததா என்பதை அறியவும் உதவுகின்றன.

இன்னுமொன்று: வழக்கமான ‘பெற்’ படம் மண்டையோட்டின் அடியிலிருந்து நடுத்தொடை வரையே எடுக்கப்படும்; கைவிரல்கள் அதில் தப்பிவிடலாம். எனவே, புற்றுநோயாளரோ நெடுங்காலம் புகைபிடித்தவரோ தமக்கு ஆறாத வீக்கம் எங்கு தோன்றினும், சிறிதென்று மறைக்காது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். கருவி காணாததை நோயாளியின் ஒரு சொல் காட்டிக்கொடுக்கும்.